ஒரு வினைச்சொல்லும் ஓர் அரியணையும்

ஆங்கில மொழியிலே 'அப்டிக்கேற்' என்றொரு வினைச்சொல் உண்டு. அது பேச்சு வழக்கில் அருகியும், சட்ட நூல்களிலும் வரலாற்று நூல்களிலும் பயின்றும் வழங்குவது. 'முடி துறத்தல்', 'அரசு துறத்தல்', 'உயர்பதவியைக் கைவிடுதல்' என்பன அதற்குத் தமிழிற் கூறப்படும் பொருள்கள். மாணாக்கர் இவற்றை மனனஞ் செய்துகொண்டு அப்பாற் செல்வர். ஆயின், இங்கிலாந்தின் வரலாற்றிலே இவ்வொரு சொல்லை ஏற்பதா மறுப்பதா என்பது பற்றிப் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் பத்து நாள் வரை வாதிட்டன. அகராதிகளும் உரோமச் சட்ட நூல்களும் சான்றாக எடுத்துக் காட்டப்பட்டன. ஒரு நாட்டின் அரசுரிமை யாரைச் சாரும் என்பதே அச்சொல்லின் பொருளைப் பற்றி நின்றது. அத்தகைய சொல்லின் தோற்றமும் வழக்கும் வரலாறும் ஆராயத்தக்கன.

'அப்டிக்கேற்' என்பது 'அப்டிக்காரே' என்னும் இலத்தீன் வினையினின்றும் பிறந்தது. இலத்தீனில் 'அப்' என்பது நீக்கப்பொருள் தரும் முன்னொட்டு. 'டிக்காரே' என்பது 'பலரறிய அறிவித்தல்' எனப் பொருள்படும். எனவே, 'ஒன்றைத் தன்னதன்று என அறிவித்து விலக்குதல்' என்பதே இச்சொல்லின் அடிப்படைக் கருத்தாம். காணிக்கையாக்குதலைக் குறிக்கும் 'டெடிக்கேற்', சுட்டிக்காட்டுதலைக் குறிக்கும் 'இண்டிக்கேற்', இலக்கணத்திலே பயனிலையைக் குறிக்கும் 'பிறெடிக்கேற்' என்னும் ஆங்கிலச் சொற்களும் இவ்வேரினின்றே கிளைத்தவை. மொழிநூலார் இவ்வேரை இன்னும் பின்னோக்கிச் சென்று ஆராய்ந்து, 'சுட்டுதல்' என்னும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய மூலம் ஒன்றைக் காட்டுவர். வடமொழியில் 'திச்' என வழங்குவதும் அம்மூலத்தின் வழிவந்ததே. அவ்வடமொழிச் சொல்லினின்றும் தமிழ் பெற்றுக்கொண்டதே 'திசை' என்பது. நாற்றிசை என்று நாள்தோறும் கூறுவோர், உரோமர் பதவி துறந்த சொல்லின் உறவினையே கூறுகின்றனர் என்பது வியப்பன்றோ?

உரோமரிடத்தே இவ்வினை இரு துறைகளில் வழங்கியது. முதலாவது குடும்பம். தந்தையொருவன், 'இவன் என் மகனல்லன்' எனப் பலரறியக் கூறி மகனை விலக்குவதை 'அப்டிக்காற்சியோ' என்றனர். இது கிரேக்கரிடமிருந்து வந்த வழக்கம். உரோமப் பேச்சுக்கலைப் பள்ளிகளிலே, விலக்கப்பட்ட மகனின் வழக்கு மாணாக்கர்க்குரிய பயிற்சிப் பொருளாக அடிக்கடி கொடுக்கப்பட்டது. எனினும் உரோமச் சட்டம் இதனை ஏற்றிலது. கிரேக்க முறைப்படி மக்களை இவ்வாறு விலக்குதல் உரோமச் சட்டத்தால் ஒப்பப்படுவதன்று என, தயோக்கிளேசியன், மக்சிமியன் என்னும் பேரரசர் இருவரும் 288ஆம் ஆண்டில் விடையிறுத்தனர். அவ்விடை யஸ்ரினியனுடைய சட்டத் தொகுதியில் இடம்பெற்றுள்ளது.

இரண்டாவது துறை அரச பதவி. இங்கே வாக்கிய அமைப்பு கருத்தூன்றி நோக்கற்பாலது. உரோமன் ஒருவன் 'பதவியைத் துறந்தான்' எனக் கூறாது, 'தன்னைப் பதவியினின்றும் விலக்கினான்' என்றே பெரும்பாலுங் கூறினான். செயப்படுபொருளாக நிற்பவன் அவனே. பதவி, தமிழிலே ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளுக்கு ஒப்பான வேற்றுமையில் நின்றது. செய்பவனும் செயப்படுவோனும் ஒருவனேயாதலின், பிறர் ஒருவரும் அவ்வாக்கியத்தினுள் இடம்பெறுதற்கில்லை. கி.மு. 458ஆம் ஆண்டில் ஆறு மாதத்துக்குச் சர்வாதிகாரியாக நியமிக்கப்பட்ட சின்சினேற்றஸ், பகைவரை வென்று பதினாறாம் நாளிலே தன்னைப் பதவியினின்றும் விலக்கிக்கொண்டான் என உரோமர் போற்றி உரைத்தனர். சொல்லுக்கு உரிய தூய பொருள் அங்கே விளங்குகின்றது.

ஆயின், சொல்லின் வடிவம் விருப்பத்தைக் காட்ட, உண்மை நிகழ்ச்சி வலிந்து செய்யப்பட்டதாதலும் உரோமிலேயே தொடங்கிவிட்டது. கி.மு. 63ஆம் ஆண்டில் கற்றிலீனாவின் சதியில் அகப்பட்ட லெந்துலுஸ் என்பான் அவ்வாண்டின் பிரேற்றர் பதவியில் இருந்தவன். பதவியில் உள்ளவனைத் தண்டித்தல் முறையன்றாதலின், செனற் சபையின் முன்னிலையிற் குற்றம் வெளிப்பட்டதும் அவன் தன்னைப் பதவியினின்றும் விலக்கிக்கொண்டான். டிசம்பர் 5ஆந் திகதி அவன் கொல்லப்பட்டான். அவன் விரும்பியா விலகினான்? வினைச்சொல்லோ, அவனையே எழுவாயாக நிறுத்தியது.

பின்னர் 305ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, மேலே குறித்த தயோக்கிளேசியன் நிக்கொமீடியா நகருக்கு அணித்தே படைவீரர் முன்னிலையில் அரசாடையைக் களைந்து பேரரசைத் துறந்தான். அதே நாளில் மேற்கிலே மக்சிமியனும் துறந்தான். தந்தை மகனை 'அப்டிக்காற்சியோ' செய்தலைச் சட்டம் ஒப்பாது என விடையிறுத்த இருவரே, அரசை 'அப்டிக்காற்சியோ' செய்தற்கு உலகறிந்த எடுத்துக்காட்டாயினர். தயோக்கிளேசியன் எஞ்சிய காலத்தைத் தல்மேசியக் கடற்கரையில் தான் கட்டிய மாளிகையிற் கழித்தான். ஐந்தாம் சாள்ஸ் பேரரசன் 1555ஆம் ஆண்டு ஒற்றோபர் 25ஆந் திகதி பிறசெல்ஸ் நகரிலே நெதலாந்து நாடுகளின் ஆட்சியைத் தன் மகன் பிலிப்புக்கு ஒப்படைத்ததும், சுவீடின் நாட்டு அரசி கிறிஸ்தீனா 1654ஆம் ஆண்டில் உப்சாலாவில் முடியைக் களைந்ததும் இம்மரபின் பிற்காலத்து நிகழ்ச்சிகளாம்.

இச்சொல் ஆங்கிலத்துட் புகுந்தது 16ஆம் நூற்றாண்டில். தொடக்கத்தில் அது மகனை விலக்குதல் என்னும் பழம்பொருளையுங் கொண்டிருந்தது. காலப்போக்கில் அப்பொருள் ஒழிந்து, பதவி துறத்தல் என்பதே நிலைத்தது. அதற்கு அண்மையான பொருளுடைய சொற்கள் பல. 'றிசைன்' என்பது எவரும் எப்பதவியையும் விடுதலைக் குறிக்கும். அங்கே விலகற் கடிதத்தை ஏற்றுக்கொள்ள மேலதிகாரி ஒருவர் இருப்பர். 'அப்டிக்கேற்' செய்பவனுக்கோ மேலதிகாரி இலன். ஆதலின் எழுதுவினைஞர் ஒருவர் தம் பதவியை 'அப்டிக்கேற்' செய்தார் என எவருங் கூறார். 'டிப்போஸ்' என்பது பிறர் ஒருவனைப் பதவியினின்றும் இறக்குதல். 'அப்றொகேற்' என்பது சட்டத்தை நீக்குதல். ஒலியொப்புமையால் மாணாக்கர் இதனோடு மயங்குவர். அதன் வேர் வேறு. இவற்றுள் 'அப்டிக்கேற்' என்பதற்கும் 'டிப்போஸ்' என்பதற்கும் இடையேயுள்ள வேற்றுமையே அனைத்தினும் பெரிது. அரசன் அரியணையில் இல்லாமற் போதல் இரண்டுக்கும் பொது. முன்னையதில் எழுவாய் அரசன். பின்னையதில் எழுவாய் குடிகள். எழுவாய் மாறின் பொறுப்பு மாறும். பொறுப்பு மாறின் உரிமையும் மாறும். இவ்வுண்மை 1689ஆம் ஆண்டில் வெளிப்பட்டது.

இரண்டாம் யேம்ஸ் 1685ஆம் ஆண்டு பெப்புருவரி 6ஆந் திகதி இங்கிலாந்தின் அரசனானான். அவன் கத்தோலிக்க சமயத்தினன். நாட்டிலே பெரும்பான்மையோர் புரட்டஸ்தாந்தர். பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களைத் தன் ஆணையால் இடைநிறுத்தும் உரிமை தனக்குண்டு என அவன் கொண்டான். 1688ஆம் ஆண்டு யூன் மாதம் அவனுக்கு ஆண்மகவு பிறந்தது. கத்தோலிக்க அரசமரபு தொடருமோ என அஞ்சிய எழுவர், ஒல்லாந்திலிருந்த ஒறேஞ்சு இளவரசன் வில்லியத்துக்கு அழைப்பு விடுத்தனர். அவன் மனைவி மேரி யேம்ஸின் மூத்த மகள். நவம்பர் 5ஆந் திகதி வில்லியம் படையோடு டோபே என்னுமிடத்தில் வந்திறங்கினான். யேம்ஸின் படைத்தலைவர் பலர் அவனைக் கைவிட்டனர். டிசம்பர் 11ஆந் திகதி விடியுமுன் யேம்ஸ் அரண்மனையை விட்டு ஓடினான். ஓடும்போது அரச முத்திரையைத் தேம்ஸ் நதியில் எறிந்தான். முத்திரையின்றி ஆணை பிறப்பித்தல் இயலாதாகலின், தானில்லாது நாட்டில் ஆட்சி நடைபெறலாகாது என்பதே அவன் எண்ணம். கெந்துக் கரையிலே மீனவர் அவனைப் பிடித்தனர். இலண்டனுக்கு மீண்ட அவன், பின்னர் டிசம்பர் 23ஆந் திகதி உறொச்செஸ்ரரிலிருந்து தப்பிப் பிரான்சு சென்றான். இரண்டாம் முறை அவன் தப்புதற்குக் காவலர் இடங்கொடுத்தனர். அவன் போவதே வில்லியத்துக்கு நலமாயிருந்தது.

இவ்வாறு அரசனில்லாத நாட்டிலே, அரசன் அழைக்காத ஒரு மன்றம் 1689ஆம் ஆண்டு யனவரி 22ஆந் திகதி கூடிற்று. அரசனே பாராளுமன்றத்தை அழைத்தற்குரியனாகலின், அதனைப் பாராளுமன்றம் எனக் கூறத் துணியாது 'கொன்வென்சன்' என்றனர். யனவரி 28ஆந் திகதி பொதுமக்கள் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. யேம்ஸ் அரசன் நாட்டின் அமைப்பைக் கவிழ்க்க முயன்றமை, அரசனுக்கும் குடிகளுக்கும் இடையிலுள்ள மூல ஒப்பந்தத்தை முறித்தமை, தீயோர் சொற்கேட்டு அடிப்படைச் சட்டங்களை மீறியமை, நாட்டைவிட்டு அகன்றமை ஆகிய யாவுஞ் சேர்ந்து அவன் ஆட்சியை 'அப்டிக்கேற்' செய்தான் என்பதும், அதனால் அரியணை வெற்றிடமாயிற்று என்பதும் அத்தீர்மானத்தின் சாரம்.

பிரபுக்கள் சபையோ இதற்கு உடன்பட்டிலது. 'அப்டிக்கேற்' என்பதை நீக்கி, 'விட்டகன்றான்' எனப் பொருள்படும் 'டெசேட்' என்னுஞ் சொல்லை வைத்தது. அரியணை வெற்றிடமாயிற்று என்னுந் தொடரையும் விலக்கியது. பொதுமக்கள் சபை தன் சொல்லை விடாது நின்றது. ஈற்றில், பெப்புருவரி 6ஆந் திகதி இரு சபைகளின் பேராளரும் வெஸ்ற்மின்ஸ்ரர் அரண்மனையில் ஓவிய மண்டபம் எனப்படும் மண்டபத்தில் நேர்நின்று வாதிட்டனர். யேம்ஸ் முடிபெற்று அன்றோடு சரியாக நான்கு ஆண்டுகள் நிறைந்திருந்தன.

பிரபுக்கள் சார்பில் நொற்றிங்காம், பெம்புறோக்கு, கிளறெண்டன், உறொச்செஸ்ரர் என்னும் பிரபுக்கள் பேசினர். பின்னிருவரும் யேம்ஸின் முதல் மனைவியின் உடன்பிறந்தோர், மேரிக்குத் தாய்மாமன்மார். அவர்கள் கூறிய தடைகள் இரண்டு. முதலாவது, 'அப்டிக்கேற்' என்பது இங்கிலாந்தின் பொதுச் சட்டம் அறியாத சொல். இரண்டாவது, உரோமச் சட்ட வழக்கின்படி அது ஒருவன் தானே விரும்பி வெளிப்படையாகச் செய்யும் துறவைக் குறிக்கும். யேம்ஸோ அவ்வாறு ஒரு சொல்லுங் கூறினானல்லன். அரசன் ஆட்சியிற் செய்த பிழைகளைத் துறவெனக் கொள்ளின், குடிகள் அரசனை நீதி கேட்டு நீக்கலாம் என்றாகும். அது இங்கிலாந்தின் முடியைத் தேர்தலுக்குரிய முடியாக்கிவிடும் என அஞ்சினர்.

பொதுமக்கள் சபையின் சார்பிலே யோன் சோமேர்ஸ் என்னும் இளஞ் சட்டவறிஞரும், எண்பது வயதைக் கடந்த மேனாட் முதலியோரும் விடையிறுத்தனர். 'டெசேட்' என்பதும் பொதுச் சட்டத்திற் பயின்ற சொல்லன்று என்பது சோமேர்ஸ் கூறிய முதல் விடை. ஒருவன் வாயாற் கூறாதவிடத்தும், பதவியோடு பொருந்தாத செயல்களைச் செய்வதாலேயே அதனைத் துறந்தவனாகின்றான் என்பதற்கு ஒல்லாந்துச் சட்டவறிஞர் குறோசியசின் நூலையும் சட்ட அகராதிகளையும் அவர் சான்று காட்டினார். 'விட்டகன்றான்' எனின் அகன்றவன் திரும்பி வரலாம், வந்தால் அவனே அரசன் என்றாகும். 'அப்டிக்கேற்' எனின் மீளும் வழியில்லை. பொதுமக்கள் சபையினர் அச்சொல்லை விடாது பற்றியதற்கு இதுவே உண்மைக் காரணம்.

இவ்விடத்து ஒரு வினா எழும். நிகழ்ந்ததை நேராகக் கூறும் 'டிப்போஸ்' என்னுஞ் சொல் இருப்ப, அதனை ஏன் எவரும் எடுத்திலர்? தோரிக் கட்சியினர் அரசனுக்குப் பணிதல் கடவுள் விதித்த கடமை எனப் பல்லாண்டு கற்பித்தவர். அவனுக்கு உண்மையாயிருப்பதாக ஆணையிட்டவர். அரசனை இறக்கினோம் எனக் கூறின், தம் ஆணையைத் தாமே முறித்தோராவர். விக் கட்சியினரோ அரசன் ஒப்பந்தத்தால் ஆள்பவன் என்னுங் கொள்கையினர். எனினும், 1649ஆம் ஆண்டில் முதலாம் சாள்ஸின் தலை துணிக்கப்பட்டதும் அதன்பின் நிகழ்ந்த குழப்பமும் யாவர் நெஞ்சிலும் நின்றமையால், அச்சொல்லை வாயெடுக்க அவர்களும் அஞ்சினர். 'அப்டிக்கேற்' என்னுஞ் சொல் இரு திறத்தார்க்கும் இடமளித்தது. விக் கட்சியினர் 'ஒப்பந்தத்தை முறித்தமையால் துறந்தான்' எனப் பொருள் கொண்டனர். தோரிக் கட்சியினர் 'ஓடிப்போனமையால் துறந்தான். யாம் ஒன்றுஞ் செய்திலேம்' என அமைதி கொண்டனர். ஒரே வாக்கியத்தின்கீழ் இரு வேறு கொள்கையினர் ஒருங்கு நின்றனர்.

வில்லியமும், தான் பிறர்க்காக ஆளும் பதிலாளாகவோ மனைவியின் கீழ்ப்பட்டவனாகவோ இருக்க உடன்படேன் என முன்னரே அறிவித்திருந்தான். படை அவன் கையில் இருந்தது. பெப்புருவரி 6ஆந் திகதி மாலைக்குள் பிரபுக்கள் சபை இணங்கிப் பொதுமக்கள் சபையின் சொல்லை ஏற்றுக்கொண்டது. 13ஆந் திகதி வெள்ளை மாளிகை எனப் பொருள்படும் வைற்றோல் அரண்மனையின் விருந்து மண்டபத்தில் உரிமைப் பிரகடனம் படிக்கப்பட்டு, வில்லியத்துக்கும் மேரிக்கும் முடி அளிக்கப்பட்டது. முதலாம் சாள்ஸ் கொலைக்களம் சென்றது அம்மண்டபத்தின் வழியாகவே. டிசம்பர் 16ஆந் திகதி சட்டமாகிய உரிமை மசோதாவில், யேம்ஸ் ஆட்சியை 'அப்டிக்கேற்' செய்தமையும் அரியணை வெற்றிடமாயினமையும் எழுதப்பட்டு, இங்கிலாந்தின் அரசியலமைப்பில் அச்சொல் நிலைபெற்றது.

சொல்லாற் கட்டிய இவ்வுடன்பாட்டை யாவரும் ஏற்றாரல்லர். கந்தபெரித் தலைமைக் குருவாகிய சன்குறொவ்ற்றும், வேறு சில மேற்றிராணிமாரும், ஏறக்குறைய 400 குருமாரும் புதிய அரசனுக்கு ஆணையிட மறுத்துத் தம் பதவிகளை இழந்தனர். யேம்ஸ் ஒன்றையுந் துறந்திலன் என்பது அவர்கள் துணிபு. யேம்ஸும் அதனையே செயலாற் காட்டினான். 1689ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவன் அயர்லாந்தில் வந்திறங்கித் தன் முடிக்காகப் போர் தொடுத்தான்; 1690ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி போயின் நதிக்கரையில் தோற்றுப் பிரான்சு மீண்டான். துறந்தவன் என ஏட்டில் எழுதப்பட்டவன், துறந்ததற்காகப் போரிட்டமை நோக்குக. அவன் 1701ஆம் ஆண்டில் இறந்த பின்னரும், அவன் வழியினர்க்காக 1715ஆம் ஆண்டிலும் 1745ஆம் ஆண்டிலும் கிளர்ச்சிகள் எழுந்தன.

ஸ்கொத்துலாந்தினர் இத்தகைய சொல்நயத்தை வேண்டிற்றிலர். யேம்ஸ் அந்நாட்டை விட்டு ஓடியவனல்லன். அப்போது அங்கே இருந்தவனுமல்லன். ஆதலின் 1689ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் அந்நாட்டு மன்றம், அவன் தன் செயல்களால் முடிக்குரிய உரிமையை இழந்தான் என, குற்றத்தால் உரிமையிழத்தலைக் குறிக்கும் தம் நாட்டுச் சட்டச் சொல்லாலேயே கூறியது. ஒரே அரசன், ஒரே ஆண்டு. இங்கிலாந்தில் அவன் துறந்தவன். ஸ்கொத்துலாந்தில் அவன் இழந்தவன்.

1689ஆம் ஆண்டில் இச்சொல் பெற்ற புதுப்பொருள் கடல் கடந்துஞ் சென்றது. 1776ஆம் ஆண்டு யூலை மாதம் அமெரிக்கக் குடியேற்றநாட்டார் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்தில், மூன்றாம் யோச்சு அரசன் தம்மைத் தன் பாதுகாப்பினின்றும் விலக்கித் தம்மீது போர் தொடுத்தமையால் இங்கே ஆட்சியை 'அப்டிக்கேற்' செய்தான் எனக் குற்றஞ்சாட்டினர். அவ்வரசனோ அரியணையில் வீற்றிருந்து, அக்குடிகளை அடக்கப் படை அனுப்பிக்கொண்டிருந்தான். பாதுகாவாத அரசன் அரசனல்லன் என்னும் வாதத்துக்கு, 1689ஆம் ஆண்டின் சொல்லே கருவியாயிற்று. இங்கிலாந்திலே 1789ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி றிச்சேட் பிறைஸ் என்னும் போதகர், தீய ஆட்சியாளரை நீக்கும் உரிமையைக் குடிகள் அப்புரட்சியினாற் பெற்றனர் எனப் பேசினார். எட்மண்ட் பேர்க்கு 1790ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரெஞ்சுப் புரட்சி பற்றிய நூலில் அதனை மறுத்து, நூறாண்டுக்கு முன்னோர் அத்தகைய உரிமை எதனையுங் கோரினரல்லர் என வாதிட்டார். இருவரும் ஒரே ஏட்டையே காட்டினர். ஏட்டிலிருந்த சொல் இருபொருட்கு இடந்தருவதாயிருந்தமையின், வாதம் முடிவுறாதாயிற்று.

இலங்கை வரலாற்றிலும் இதனோடு ஒப்புநோக்கத்தக்க ஓர் ஏடு உண்டு. 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதி கண்டியிற் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையில், ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் அரசனுக்குரிய தலையாய கடமைகளைத் தொடர்ந்து மீறியமையால் அரசுரிமையை இழந்தான் என்றும், பதவியினின்றும் வீழ்த்தி நீக்கப்பட்டான் என்றும் எழுதப்பட்டது. ஆங்கில ஆளுநர் பிறவுண்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் 'அப்டிக்கேற்' என்னுஞ் சொல்லை அங்கே நாடிலர். ஓடிப்போன அரசனுக்கு அச்சொல்லைப் பொருத்தலாம். சிறைப்பிடிக்கப்பட்ட அரசனுக்கு எவ்வாறு பொருந்தும்? அன்றியும், தம் நாட்டரசனை நீக்குதற்கு ஆங்கிலேயர் வாயெடுக்க அஞ்சிய சொல்லை, பிறநாட்டரசனை நீக்குதற்கு எடுத்தாள அவர்கள் அஞ்சிலர். அவ்வரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, அங்கே 1832ஆம் ஆண்டு யனவரி 30ஆந் திகதி இறந்தான்.

20ஆம் நூற்றாண்டிலே இச்சொல்லின் சட்டப் பொருள் மேலும் வரையறையுற்றது. 1918ஆம் ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி யேர்மனியின் முதலமைச்சராகிய பாடின் இளவரசர் மக்ஸ், பேரரசன் இரண்டாம் வில்லியம் முடி துறந்தான் என, அவன் இணங்குமுன்னரே உலகுக்கு அறிவித்தார். அவன் ஒல்லாந்து சென்று, துறவு ஏட்டிற் கைச்சாத்திட்டது நவம்பர் 28ஆந் திகதியிலேயே. தானே அறிவித்தல் என்னும் வேர்ப்பொருளையுடைய செயலை, அங்கே பிறர் அறிவித்தனர்.

இதற்கு மறுதலையாக, எட்டாம் எட்வேட் 1936ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி, தம்பியர் மூவர் சாட்சியாகத் துறவு ஏட்டிற் கைச்சாத்திட்டான். அவன் தானே விரும்பி, எழுத்திலே, வெளிப்படையாகத் துறந்தான். பிரபுக்கள் 1689ஆம் ஆண்டில் வேண்டிய இலக்கணம் யாவும் அங்கே அமைந்திருந்தன. ஆயினும் அக்கைச்சாத்து மாத்திரம் போதியதாகவில்லை. மறுநாள் 11ஆந் திகதி பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தினாலேயே துறவு நிறைவேறியது. முடியைப் பாராளுமன்றம் தந்ததாகலின், அதன் இசைவின்றி அதனை விடுதலும் இயலாது. இதுவும் 1689ஆம் ஆண்டின் பயனே. தென்னாபிரிக்கா 10ஆந் திகதியையும் அயர்லாந்து 12ஆந் திகதியையும் கொண்டமையால், ஒரே அரசனின் ஆட்சி மூன்று வேறு நாள்களில் முடிந்ததாயிற்று. யப்பானியப் பேரரசர் அக்கிகித்தோ 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் 30ஆந் திகதி பதவி துறந்ததற்கும் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிச்சட்டம் ஒன்று வேண்டியதாயிற்று.

குடியரசுகளில் இச்சொல் வழங்காதெனினும், அது எழுப்பிய வினா ஒழிந்திலது. 2022ஆம் ஆண்டு யூலை 13ஆந் திகதி இலங்கையின் சனாதிபதி கோத்தாபய இராசபக்ச நாட்டைவிட்டு அகன்றார். அவர் அகன்றமையாற் பதவி வெற்றிடமாயிற்றோ என்பது அன்று பலரும் வினவிய வினா. அரசியலமைப்பின்படி சபாநாயகருக்கு எழுத்தில் விலகல் அறிவித்தல் வேண்டும். அவ்வெழுத்து மறுநாள் அனுப்பப்பட்டு, 15ஆந் திகதி ஏற்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. விட்டகலுதல் வேறு, துறத்தல் வேறு என, ஓவிய மண்டபத்திலே பிரபுக்கள் கூறிய வேற்றுமை இங்கே சட்டத்தின் தெளிவான விதியாக நின்றது.

இக்காலத்து ஆங்கிலத்திலே இச்சொல் அரசரைக் கடந்து, ஒருவர் தமக்குரிய பொறுப்பைக் கைவிடுதலையுங் குறிக்கின்றது. பெற்றோர் தம் கடமையை 'அப்டிக்கேற்' செய்தனர், அரசாங்கம் தன் பொறுப்பை 'அப்டிக்கேற்' செய்தது எனக் கூறுங்கால், எவரும் வாயால் ஒன்றும் அறிவிப்பதில்லை; செயலினின்றே துறவு பெறப்படுகின்றது. சோமேர்ஸ் வாதித்து நிலைநாட்டிய பொருள் இதுவே. பிரபுக்களின் பொருள் அரசர்க்குரிய ஏடுகளில் வாழ, சோமேர்சின் பொருள் நாளிதழ்களில் வாழ்கின்றது.

தமிழாக்கஞ் செய்வோர் இவற்றை உளங்கொளல் வேண்டும். 'துறத்தல்' என்னுந் தமிழ்ச்சொல் விருப்பத்தை உள்ளடக்கியது. தனக்கு அரசுரிமை வரும் எனக் கூறிய நிமித்திகன் சொற்கேட்டு, மூத்தோன் செங்குட்டுவன் பொருட்டு இளங்கோ துறவு பூண்டார் என்னும் மரபுச் செய்தியிலே அச்சொல் முழுப்பொருளும் பெறும். எட்டாம் எட்வேட் முடி துறந்தான் என எழுதல் பொருந்தும். யேம்ஸ் முடி துறந்தான் என எழுதின், 1689ஆம் ஆண்டிலே ஒரு திறத்தார் வாதிட்டு வென்ற முடிவை, நிகழ்ந்த உண்மையெனக் கூறியதாகும். 'முடி துறந்தான் எனப் பாராளுமன்றம் கொண்டது' என எழுதுதலே தக்கது. பொறுப்பைப் பற்றி வருமிடத்துத் 'துறத்தல்' பொருந்தாது. 'கைவிடுதல்' என்பதே ஏற்றது. ஓர் ஆட்சி முடிவுற்றதைக் கூறும் எந்த ஏட்டைப் படிக்கும்போதும், முதற்கண் வினைமுற்றைக் கண்டு, பின் அதன் எழுவாய் யாரென வினவுதல் வரலாறு பயிலும் மாணாக்கர்க்கு நற்பழக்கமாகும். அரசன் எழுவாயோ, குடிகள் எழுவாயோ, அன்றி எழுவாயே மறைக்கப்பட்டதோ என்பதை அறிந்தபின்னரே, அவ்வேட்டை எழுதியோர் எதனை ஒப்புக்கொண்டனர், எதனை ஒப்ப அஞ்சினர் என்பது புலனாகும்.